கண்ணுள் வினைஞர் எங்கே?

“மக்கள் வெள்ளம்” என்று எழுதுகிறோம். “கடலெனத் திரண்டனர்” என்று முழங்குகிறோம். “எங்கு நோக்கினும் தலைகள்” என்று எழுதி, பக்கத்திலே ஓர் ஆச்சரியக் குறியும் போடுகிறோம்! வெள்ளத்துக்கு முகம் உண்டோ? கடலுக்குப் பெயர் உண்டோ? தலை என்று எண்ணித் தள்ளிவிட்டால், அந்தத் தலை சுமக்கும் மூட்டையின் எடை தெரியுமோ? மூட்டைக்குக் கிடைத்த கூலி தெரியுமோ?

மேடையேறிப் பேசுகிறவன் நான். மேடை காட்டும் காட்சி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். உயரத்திலே நின்று பார்ப்பவனுக்கு உச்சந்தலைகள்தாம் தெரியும். தரையிலே நிற்பவனுக்கு முகங்கள் தெரியும். தரையிலே சாக்கை விரித்து உட்கார்ந்து மல்லிகை தொடுக்கிறாளே, அந்தத் தாய்க்கு முதலில் தெரிவன கால்கள். தேய்ந்த செருப்பு, பளபளக்கும் பூட்சு, செருப்பே காணாத பித்தவெடிப்பு. வருகிறவன் வாங்க வருகிறானா, விரட்ட வருகிறானா என்பதைக் காலைப் பார்த்தே சொல்லிவிடுவாள்!

கூட்டத்தைப் பற்றிப் பேசினோர் பல்லாயிரம் பேர். கூட்டத்தை உட்கார்ந்து பார்த்து வரைந்தோர் எத்தனை பேர்? அதிலும், தூங்கா நகரம் என்று பெயரெடுத்த மதுரையின் தெருக்கூட்டத்தை வரைந்தோர் எத்தனை பேர்?

“ஓவியமா? அது சீமான் வீட்டுச் சுவருக்கு உரிய சரக்கு. உழைப்பவனுக்கு அதனால் ஆவதென்ன?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. சற்றுப் பொறுங்கள், தோழர்களே! பூக்காரியின் அந்த மூன்றடி இடம் நாளைக்கும் அவளுக்கு உண்டா இல்லையா என்ற வழக்கிலே, ஓவியத்துக்கும் ஒரு சாட்சிக் கூண்டு இருக்கிறது. அங்கே வந்து சேர்வதற்கு முன் பழங்கதை கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழங்கதை என்றதும் புராணம் என்று அஞ்ச வேண்டாம். பத்துப்பாட்டு! அந்தப் பத்திலே நீளமானது மதுரைக் காஞ்சி, 782 அடிகள். பாடியவர் மாங்குடி மருதனார். பாடப்பட்டவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். உ.வே.சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளைத் தேடித் திரட்டி 1889இல் பத்துப்பாட்டை அச்சிலே கொண்டுவந்தார். அதன்பின் அதைப் பதவுரை, பொழிப்புரை என்று பரீட்சைக்குப் படிக்கும் பாடமாக்கிவிட்டார்கள். நான் சொல்கிறேன், அது தெருவிலே நின்று தீட்டிய படம்!

மன்னனைப் பாட வந்த புலவர் கொற்றத்தைப் பாடினார். கொடையைப் பாடினார். நிலையாமையை எடுத்துரைத்தார். அது புலவர் மரபு, இருக்கட்டும். ஆனால் அரண்மனை வாயிலோடு அவர் கால்கள் நின்றுவிடவில்லை. வீதிக்கு வந்தார். பகலிலே கூடும் நாளங்காடிக்குப் போனார். இரவிலே கூடும் அல்லங்காடிக்கும் போனார். சங்கை அறுத்து வளையல் கடைவோர், மணிக்குத் துளையிடுவோர், பொன்னைச் சுட்டு நகை செய்வோர், உரைகல்லிலே மாற்றுப் பார்ப்போர், புடவை விற்போர், செம்பை நிறுத்து வாங்குவோர், பூவும் நறும்புகைப் பொருளும் விற்போர் என ஒருவரையும் விட்டாரில்லை. அத்தனை பேரும் தெருவிலே காலோடு கால் உரச நிற்கிறார்கள் என்றார். தீபாவளிக்கு முந்தைய இரவில் விளக்குத்தூண் பக்கம் போய் வந்தவர்களைக் கேளுங்கள். காலோடு கால் உரசுவது என்றால் என்ன என்று அவர்கள் பொழிப்புரை சொல்வார்கள்.

சங்கு போல் வெளுத்த நரைக் கூந்தலை வாரி முடித்த கிழவிகள், பூவும் பண்டமும் ஏந்தி வீடு வீடாகப் போகிறார்கள் அந்தப் பாட்டிலே. இரவு ஏறுகிறது. அப்பமும் அடையும் மோதகமும் சுட்டு விற்ற தொழிலாளி, சட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து தூங்கி விழுகிறான். நள்ளிரவில் நூலேணியை இடுப்பிலே சுற்றிய கள்வன் இருட்டோடு இருட்டாக நகர்கிறான். கொட்டும் மழையிலும் ஊர்க்காவலன் சுற்றி வருகிறான். பிறகு விடிகிறது; வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டுத் திறக்கின்றன. தூங்கி விழும் அப்பக்காரனைப் பாட்டிலே ஏற்றிய புலவன் உலகத்து இலக்கியத்திலே எத்தனை பேர், எண்ணிச் சொல்லுங்கள்! இன்றைக்கும் மதுரையிலே இரவு இரண்டு மணிக்கு இட்டிலிக் கொப்பரைக்கு முன்னால் தலை சாயும் ஒருவனை நீங்கள் காணலாம். அவன் அந்த அப்பக்காரனின் வாரிசு.

இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நாளங்காடியின் அந்தக் கூட்டத்திலே, பூ விற்பவனுக்கும் துணி விரிப்பவனுக்கும் அருகே வேறொரு தொழிலாளியும் நிற்கிறான். எந்தச் செயலைக் கண்டாலும் அதைப் போலவே தீட்டிக் காட்ட வல்லவன். கூர்ந்து நுழையும் பார்வை உடையவன். அவனுக்குப் புலவர் சூட்டும் பெயர் கண்ணுள் வினைஞன்! ஓவியன் என்பது பொருள். அடடா, என்ன பெயர்! தச்சனுக்கு உளி கருவி. கொல்லனுக்குச் சம்மட்டி கருவி. இவனுக்குக் கண்ணே கருவி. அவனை அந்தப்புரத்திலே காட்டவில்லை புலவர். கடைத்தெருவிலே, சங்கறுப்பவனோடும் செம்பு நிறுப்பவனோடும் ஒரே வரிசையிலே, உழைப்பாளிகளில் ஓர் உழைப்பாளியாக நிறுத்துகிறார்.

இந்தப் பாட்டிலே என் நெஞ்சைச் சுட்ட இடம் வேறு. நாளங்காடித் தெருவிலே யானை வருகிறது. தேர் வருகிறது. குதிரை வருகிறது. கள்ளுண்டு களித்த வீரர் வருகிறார்கள். நாற்படையும் தெருவை அடைத்து வந்தால், பூவையும் மாலையையும் சுண்ணத்தையும் கையிலே ஏந்தித் திரிந்து விற்கும் சில்லறை வியாபாரி என்ன ஆவான்? இரு பக்கமும் பகைப்படை சூழ்ந்தால் நடுவில் அகப்பட்டவன் எப்படி நடுங்குவானோ, அப்படி நடுங்குகிறான். உயிருக்கு அஞ்சுகிறான். பெருமூச்செறிந்து ஒதுங்கி நிற்கிறான். படை போன பிறகு, மலைபோல் உயர்ந்த மாடங்களின் நிழலைத் தேடி வந்து குந்துகிறான்.

ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் ஆகின்றன, தோழர்களே! யானைக்குப் பதில் லாரி. தேருக்குப் பதில் ஜீப். “ஆக்கிரமிப்பு அகற்றம்” என்ற கட்டளை. தராசைப் பிடுங்குகிறார்கள்; தள்ளுவண்டியைக் கவிழ்க்கிறார்கள்; கூடையைத் தூக்கி லாரியிலே எறிகிறார்கள். அந்த நேரம் அவன் ஒதுங்குகிறான். லாரி போனதும் ஏதோ ஒரு கடையின் நிழலிலே வந்து குந்துகிறான். புலவர் எழுதிய காட்சியிலே ஓர் அசைவுகூட மாறவில்லை.

மாங்குடி மருதனாருக்குப் பிறகு இந்த மனிதனை வரைந்தவர் யார்?

மீனாட்சி கோயில் ஊஞ்சல் மண்டபத்து மேற்கூரையிலே நாயக்கர் கால ஓவியம் இருக்கிறது. மீனாட்சி திருமணத்தைத் தீட்டியிருக்கிறார்கள். இராணி மங்கம்மாளையும் தீட்டியிருக்கிறார்கள். வண்ணம் சிறப்பு, வரைந்த கை தேர்ந்த கை, மறுக்க வேண்டியதில்லை. தெய்வத்துக்கு இடம் கிடைத்தது. அரசிக்கு இடம் கிடைத்தது. திருமணத்துக்கு மாலை கட்டிக் கொடுத்தவளுக்கு இடமில்லை.

அதன்பின் வெள்ளைக்காரன் வந்தான். தாமஸ் டேனியல், அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியல் என்ற இரு ஆங்கில ஓவியர்கள் 1792இல் மதுரைக்கு வந்து படம் வரைந்து போனார்கள். திருமலை நாயக்கர் அரண்மனையின் சிதைந்த கோலத்தை அவர்கள் தீட்டியது 1798இல் இலண்டனிலே அச்சாகி வெளிவந்தது. அந்தக் காலத்தில் அவர்களைப் போன்றோர் தீட்டிய படங்களிலே மனிதர் இல்லாமலில்லை. தூண் எவ்வளவு உயரம் என்று காட்ட வேண்டுமே, அதற்கு இரண்டு பேர்! அளவுகோல் மனிதர்கள்!

அதற்கும் பிறகு காமிரா வந்தது. லினேயஸ் டிரைப் என்ற படைத்துறைக் கேப்டன், சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரர், 1858இல் மதுரையைப் படமெடுத்தார். அருமையான படங்கள். கோபுரமும் குளமும் அரண்மனையும் கல் கல்லாகத் தெரியும். ஆனால் ஆள் அரவமற்ற ஊர் போல் தோன்றும்! மதுரையிலே அன்று மக்களே இல்லையா? இருந்தார்கள். அன்றைய காமிராவுக்கு ஒரு படத்தைப் பதிக்க நெடுநேரம் ஆகும். கல் அசையாது, அதனால் பதிந்தது. நடந்துகொண்டிருந்தவன், சுமந்துகொண்டிருந்தவன், கூவிக்கொண்டிருந்தவன் பதியவில்லை. சும்மா நின்றவனுக்குக்கூட ஒரு நிழல் விழுந்திருக்கும். உழைத்துக்கொண்டிருந்தவன் அடியோடு மறைந்துபோனான்!

அந்த வீதிகளின் வரலாற்றையும் ஒரு வாய் சொல்லிவிடுகிறேன். பழைய மதுரையைச் சுற்றிக் கோட்டைச் சுவர் இருந்தது, அகழி இருந்தது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். இடித்துத் தூர்த்தவருக்கே அந்த நிலம் என்று அறிவித்து வேலை வாங்கினார். வெளி வீதிகள் அப்படிப் பிறந்தன. கலெக்டருக்கு விளக்குத்தூண் நட்டார்கள். நில அளவைக்காரர் மாரட் பெயரால் மாரட் வீதி. மேற்பார்வை பார்த்த மேஸ்திரி பெருமாளின் பெயரால் பெருமாள் மேஸ்திரி வீதி. மன்னர் பெயரும் மாதப் பெயரும் மலிந்த ஊரிலே ஒரு மேஸ்திரியின் பெயர் தெருவின் நெற்றியிலே எழுதப்பட்டிருக்கிறது. பாட்டாளி ஒவ்வொருவனும் அந்தப் பலகையை ஒருமுறை நின்று படிக்க வேண்டும். ஆனால் அந்தப் பெருமாளின் முகம் எப்படி இருந்தது? மண் சுமந்து அகழியைத் தூர்த்த ஆயிரக்கணக்கான கைகள் எப்படி இருந்தன? ஒரு கோடு கிடையாது!

வெளிநாட்டிலே என்ன நடந்தது என்றும் பார்க்கலாம். பிரெஞ்சு நாட்டிலே டூமியே என்றொரு ஓவியர். கல்லச்சிலே படம் வரைந்து செய்தி ஏடுகளுக்குக் கொடுத்துப் பிழைத்தவர். மக்கள் உழைப்பையெல்லாம் விழுங்கிக் கொழுக்கும் பூதமாக அரசன் லூயி பிலிப்பை வரைந்தார், 1832இல் சிறை! பின்னாளிலே புகைவண்டியின் மூன்றாம் வகுப்புப் பெட்டியிலே நெருங்கி உட்கார்ந்திருக்கும் ஏழைகளைத் தீட்டினார். குழந்தைக்குப் பாலூட்டும் தாய், கூடையை மடியில் வைத்த கிழவி, தூங்கும் சிறுவன். பின்னால் ஒரே கூட்டம். ஆனால் ஒவ்வொரு முகமும் தனி முகம்.

நம் நாட்டிலே சித்தபிரசாத். 1943இல் வங்காளப் பஞ்சத்தில் மிட்னாப்பூர் மாவட்டத்துக்குக் கால்நடையாகப் போய், பட்டினியால் சுருண்டு கிடந்தவர்களைக் கோட்டோவியமாக வரைந்தார். யார், எந்த ஊர், என்ன நேர்ந்தது என்று கேட்டும் எழுதினார். அது ‘பசித்த வங்கம்’ என்ற பொருள்படும் தலைப்பில் சிறு நூலாக வந்தது. ஆங்கில அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. துப்பாக்கியா வைத்திருந்தார் சித்தபிரசாத்? பேனாவும் மையும் வைத்திருந்தார்! பஞ்சத்தில் இறந்தவர்களை எண்ணிக்கையாகச் சொன்னபோது ஆட்சிக்கு அச்சம் பிறக்கவில்லை. முகமாகக் காட்டியபோது பிறந்தது.

மதுரைக்குத் திரும்புவோம். இந்த ஊரைப் பேனா முனையாலே காதலித்த ஒருவரைச் சொல்லாமல் போனால் நன்றி கொன்றவராவோம். மனோகர் தேவதாஸ். 1936இல் மதுரையிலே பிறந்தவர். வேதியியல் படித்தவர். கோபுரம், தெப்பக்குளம், வைகை, யானைமலை என்று தாம் வளர்ந்த ஊரை மைக்கோடுகளால் வரைந்தார், நூல்களும் எழுதினார். அவருக்கு விழித்திரை நோய். அந்த நோய் பார்வையை ஓரங்களிலிருந்து தின்றுகொண்டே வரும். கடைசியிலே குழாய்க்குள்ளிருந்து பார்ப்பது போல் நடுவிலே சிறு வட்டம்தான் மிஞ்சும். அந்தச் சிறு வட்டத்தாலே ஊரைத் துண்டு துண்டாகப் பார்த்து, ஒட்டுப் போட்டு, தாளிலே முழு ஊரை எழுப்பினார் அந்த மனிதர். 1972இல் நேர்ந்த கார் விபத்தில் துணைவியார் மகிமாவின் உடல் கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. அந்தச் சுமையோடு சுமையாகத்தான் இந்தக் கோடுகளும். 2020இல் பத்மஸ்ரீ தந்தார்கள். 2022 டிசம்பரில் மறைந்தார். இரண்டு கண்ணும் தெளிவாகத் தெரியும் நாம் மதுரையிலே எதைப் பார்த்து வைத்திருக்கிறோம்?

படிக்காத ஓவியர்களும் இந்த ஊரிலே இருந்தார்கள்; அவர்களை ஓவியர் என்று யாரும் அழைக்கவில்லை, அவ்வளவுதான். 1952இல் தங்கம் தியேட்டர் ‘பராசக்தி’யோடு திறக்கப்பட்ட காலத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் வானளாவிய பதாகை! கையகலப் புகைப்படத்திலே பென்சிலால் கட்டம் போடுவார்கள். துணியிலே அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போடுவார்கள். கட்டத்துக்குக் கட்டம் மாற்றி, ஓரடி மூக்கையும் இரண்டடிக் கண்ணையும் எழுதுவார்கள். சாரத்திலே தொங்கிக்கொண்டு எழுதுகிறவனுக்கு முழு முகமும் தெரியாது. இறங்கி, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு மறுபடியும் ஏறுவான். நம் கூட்டங்களுக்குச் சுவரிலே எழுத்து எழுதினவர்களும் அவர்கள்தாம். சுண்ணாம்பும் காவியும் நீலமும் கலந்த வாளியோடு இரவிலே புறப்பட்டு விடிவதற்குள் ஒரு தெருவையே பேச வைத்துவிட்டு வருவார்கள்! பிளக்ஸ் என்னும் அச்சு வந்தது. தூரிகைகள் காய்ந்து போயின. தங்கம் தியேட்டரும் இன்று இல்லை. அந்தக் கைகளிலே சில இன்னும் கடைப்பலகை எழுதிப் பிழைக்கின்றன. பல கைகள் வேறு வேலைக்குப் போய்விட்டன. கண்ணுள் வினைஞர் எங்கே என்று கேட்டேனே, ஒரு பகுதி விடை இது.

“கைக்குக் கை போன் இருக்கிறதே, ஒரு தட்டுத் தட்டினால் நூறு படம்! இன்னும் எதற்குப் பென்சில்?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எடுக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் கண் இமைக்கும் நேரத்திலே படமெடுத்தவன் அடுத்த இமைப்பிலே அந்த இடத்தை விட்டுப் போய்விடுகிறான். வரைகிறவன் இருபது நிமிடமாவது அந்தப் பூக்காரியின் முன்னால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அவள், “என்ன தம்பி எழுதுறே?” என்று கேட்பாள். பேச்சுப் பிறக்கும். நிலக்கோட்டைப் பக்கமும் திருமங்கலம் பக்கமும் இருட்டு விலகுவதற்கு முன்பே பெண்கள் வயலுக்குள் இறங்கி, விரியாத மொட்டாகப் பறித்தால்தான் பூவுக்கு விலை என்பது தெரியவரும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலே காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை என்பது தெரியவரும். காலையில் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பும் வட்டிக் கணக்கும் தெரியவரும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டிலே 2003இல் சட்டம் வந்துவிட்டது என்பதை நீங்கள் அவளுக்குச் சொல்லலாம், அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பையும் வரைந்துகொள்ளுங்கள்.

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூவுக்குச் சட்டப்படி பேர் வந்துவிட்டது! பூ விற்கிறவளுக்கு?

அவளுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 2014இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டம். தோழர்கள் இந்தப் பகுதியை நின்று நிதானித்துப் படிக்க வேண்டும். ஒவ்வொரு நகரத்திலும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்து, விற்பனைச் சான்றிதழ் தரும் வரையில் எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதிலே பத்தில் நான்கு பங்கு குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அந்தப் பிரதிநிதிகளிலே மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இவ்வளவும் ஏட்டிலே உள்ளது.

அதே சட்டத்தின் அட்டவணையிலே இன்னொரு வரி இருக்கிறது. ஐம்பது ஆண்டுக்கு மேலாகத் தெருவோர வியாபாரிகள் தொழில் நடத்திவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும். அங்குள்ள வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது!

ஐம்பது ஆண்டு! மதுரைக்கு ஐம்பது ஆண்டு ஒரு பொருட்டா? நாளங்காடியும் அல்லங்காடியும் கண்ட ஊரல்லவா! ஆனால் அதிகாரி கேட்பார்: “இந்த மூலையிலே, இந்த வேப்பமரத்தடியிலே, ஐம்பது ஆண்டாகக் கடை இருந்ததற்குச் சான்று என்ன?” பூக்காரியிடம் பட்டா இல்லை. பத்திரம் இல்லை. வாடகைச் சீட்டு இல்லை. “என் ஆத்தா இங்கேதான் உட்கார்ந்தா, அவ ஆத்தாவும் இங்கேதான் உட்கார்ந்தா” என்பாள். அதிகாரியின் படிவத்திலே ஆத்தாவுக்குக் கட்டம் இல்லை! அன்றைக்கு ஒருவன், ஒரே ஒருவன், அந்த மூலையை வரைந்து, தேதி போட்டு, இன்ன மரம், இன்ன கடை, இன்ன ஆள் என்று எழுதி வைத்திருந்தால்? அரண்மனையின் தூணை வரைந்தவர்கள் அரண்மனைக்குச் சான்று விட்டுச் சென்றார்கள். தெருவுக்குச் சான்று விட்டுச் சென்றவர் மாங்குடி மருதனார் ஒருவர்தாம். அவரோ மூலை எண் குறிக்கவில்லை.

புதுமண்டபத்தைச் சொல்கிறேன். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். அதன் சிற்பத் தூண்களுக்கு நடுவே வரிசை வரிசையாகத் தையல் இயந்திரங்கள் ஓடின. புத்தகக் கடை, பாத்திரக் கடை, வளையல் கடை நடந்தன. திருவிழாவுக்கு வேடம் கட்டுவோர் உடை தைத்துக்கொண்டது அங்கேதான். சில ஆண்டுகளுக்கு முன் அவர்களைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். மண்டபத்தைக் காக்க வேண்டும் என்பதிலே எனக்கு மறுப்பில்லை. சிற்பத்திலே ஆணி அடிப்பதை யார் ஏற்பார்கள்? நான் கேட்பது வேறு. அந்தத் தூண்களிலுள்ள சிலைகளைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. தூணுக்கும் தூணுக்கும் நடுவே, யார் எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து, எந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து தைத்தார் என்பதற்கு ஒரு வரைபடம் உண்டா? சிலை தைக்கவில்லை, மனிதன் தைத்தான். சிலைக்கு வரலாறு, மனிதனுக்கு இடமாற்றமா?

கூட்டத்தை எண்ணாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு உயிர்ச்சேதமும் எண்ணாகவே தெரியும். 2022 ஏப்ரல் 16 அன்று, அழகர் வைகையில் இறங்கும் விழாவின் நெரிசலிலே இருவர் மாண்டார்கள். பல இலட்சம் பேர் கூடினார்கள் என்பது பெரிய எழுத்து. இருவர் என்பது சின்ன எழுத்து. எந்தச் சந்தில் நெரிசல் திரள்கிறது, எந்தத் திருப்பத்திலே ஆள் ஒதுங்க வழியில்லை என்பதை அந்தத் தெருவிலே அன்றாடம் கடை போடுகிறவன் அறிவான். அவனைக் கேட்டு ஒரு படம் போட்டு வைக்க எவ்வளவு செலவாகும்? நாலணாப் பென்சில் காலமல்ல இது. பத்து ரூபாய் ஆகும்!

ஆகையால் இளந்தோழர்களே, கட்டுரை படித்துவிட்டுக் கை தட்டுவதைவிட, கையிலே நோட்டை எடுங்கள். கலைக்கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியதில்லை. கோடு போடாத பள்ளிக்கூட நோட்டு போதும். கீழமாசி வீதிக்கு விடியற்காலை போங்கள். லாரியிலிருந்து மூட்டை இறங்கும். சுமைத் தொழிலாளி முதுகைக் கொடுக்கும் விதத்தைப் பாருங்கள். எடை முதுகிலே விழுந்ததும் தலை தாழும்; கழுத்து முன்னால் நீளும்; முழங்கால் மடியும்; பாதம் அகலும். அந்த ஒரு வளைவைப் பிடித்துவிட்டால் ஆள் வந்துவிட்டான். மூக்கு, மீசை எல்லாம் பிறகு. அவன் மறுபடியும் மறுபடியும் அதே வழியில் வருவான், அவசரம் வேண்டாம். முதல் நடையிலே முதுகு, இரண்டாம் நடையிலே கால், மூன்றாம் நடையிலே தலையிலே கட்டிய துண்டு.

கூட்டம் வரைய ஒரு சூத்திரம் சொல்கிறேன். ஓவிய ஆசிரியர்கள் சொல்வதுதான். சமதளத் தெருவிலே நின்றுகொண்டு பார்த்தால், உங்கள் உயரமுள்ளவர்களின் தலைகள் எல்லாம், கிட்டத்திலே இருந்தாலும் எட்டத்திலே இருந்தாலும், உங்கள் கண்மட்டக் கோட்டிலேயே இருக்கும். தூரம் போகப் போகப் பாதங்கள்தாம் மேலே ஏறும். ஆகவே முதலில் ஒரு கண்மட்டக் கோடு, அதிலே தலைகளை மணி கோத்ததுபோல் வையுங்கள், பிறகு பாதங்கள். பூக்காரியின் பக்கத்திலே தரையிலே உட்கார்ந்து வரைந்தால் கோடு இறங்கிவிடும். கிட்டே வருகிறவர்கள் எல்லாம் கோபுரமாக நிமிர்வார்கள். அவள் பார்க்கிற உலகம் அதுதான். இரண்டு விதமாகவும் வரைந்து பாருங்கள்.

மாலையிலே பருத்திப்பால் வண்டி, இரவிலே இட்டிலிக் கடை, நள்ளிரவிலே மாட்டுத்தாவணியின் பேருந்து வரிசை, காலையிலே பூச்சந்தை. ஒரு வாரம் ஒருவர் ஓர் இடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வரைவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். படத்தின் கீழே தேதி, மணி, தெரு, எந்தக் கடைக்கு எதிரே, எந்த மரத்துக்குக் கிழக்கே, என்ன தொழில், எத்தனை ஆண்டு என்று எழுதுங்கள். அவர் பெயர் சொன்னால் பெயரையும் எழுதி, படத்தை அவரிடமே காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு படி அவருக்கு. ஒரு படி நகர விற்பனைக் குழுவிலே வியாபாரிகளின் சார்பாக உட்காருகிறவருக்கு. மூலம் கிளை மன்றத்துப் படிப்பகத்திலே, நாளேடு தொங்கும் கம்பிக்குப் பக்கத்திலே.